சென்னையிலிருந்து டொராண்டோ: தூரமும் பயண நேரமும்

டொராண்டோவில் குடியேறிய சில மாதங்களிலேயே, சென்னையில் இருக்கும் அப்பா அம்மாவை எந்த வழியாக அழைத்து வருவது என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். மீனம்பாக்கத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையம், மிகக் குறுகிய வழியில் அளந்தால், ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். அந்த வழி மத்திய ஆசியாவைக் கடந்து ஆர்க்டிக் பகுதியினூடே செல்கிறது. ஆனால் இவ்விரு ஊர்களுக்கும் இடையே நேரடி விமானம் இல்லாததால், எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறியே ஆக வேண்டும்.

துபாய் வழியாக வந்தால் முதலில் சுமார் 2,900 கிலோமீட்டர், பிறகு சுமார் 11,100. பிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால் முதலில் சுமார் 7,600, பிறகு சுமார் 6,300. எப்படிக் கூட்டினாலும் 14,000 கிலோமீட்டர் அளவில்தான் வந்து நிற்கிறது. வானில் இருக்கும் நேரமும் 18 அல்லது 19 மணி நேரம்தான். எனவே பயணம் 22 மணி நேரத்தில் முடிவதும் 30 மணி நேரத்துக்கு இழுப்பதும் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தவை. மூட்டுவலியோ கால்வீக்கமோ உள்ள பெரியவர்களுக்கு, ஒரே மூச்சில் 14 மணி நேரம் உட்கார வைக்கும் வளைகுடா வழியைவிட, பயணத்தை ஏறக்குறைய இரண்டு பாதியாகப் பிரிக்கும் ஐரோப்பிய வழியே நல்லது என்பது என் கருத்து. மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருப்பது மிக அவசியம். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு அப்போதுதான் விமான நிறுவனத்துடையதாகும். வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்; நடக்க முடிந்தவர்களுக்கும், மொழி தெரியாத விமான நிலையத்தில், அடுத்த வாயில்வரை உடன் வரும் ஒரு ஆள் பெரிய துணை.

டிக்கெட்டில் அச்சாகியிருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். சென்னையில் அதிகாலை 2 மணிக்குப் புறப்பட்டு அதே நாள் பிற்பகல் 2 மணிக்கு டொராண்டோ சேருவதாக இருந்தால், அது 12 மணி நேரப் பயணம் அல்ல. கோடையில் ஒன்பதரை மணி நேரம் சேர்த்து இருபத்தொன்றரை மணி நேரம். மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்தக் கணக்கு. மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம் சேர்க்க வேண்டும்.

இதைவிட அதிகம் குழப்புவது தேதி. 15ஆம் தேதி அதிகாலை 2 மணி விமானம் என்றால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். தொலைபேசியில் சொல்லும்போது "14ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு கார் வரும்" என்று கிழமையோடு சேர்த்தே சொல்லுங்கள்.

திரும்பும் பயணத்தில் மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று உதவுவதால், வானில் இருக்கும் நேரம் ஓரிரு மணி குறையும். நாட்காட்டியோ எதிர்ப்பக்கம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை டொராண்டோவில் ஏறுபவர் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது பெரும்பாலும் சனிக்கிழமை கழிந்து ஞாயிறு பிறந்திருக்கும். அந்த நேரத்தில் மெட்ரோ ரயிலும் ஓடாது என்பதால், அழைத்துப் போக வரும் உறவினரிடம் "சனி நள்ளிரவு தாண்டி, ஞாயிறு அதிகாலை" என்று தெளிவாகச் சொல்லி, காரையும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.