ஓடிஜி வாங்கும்முன் அளவு டேப்பை எடுங்கள்

கடையில் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) அடுப்பைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான். அதைவிட முக்கியம், உங்கள் கேக் டின் உள்ளே போகுமா என்பது. டின்னைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தால்தான் சூடான காற்று சுழலும். நான் டின்னையே கையோடு எடுத்துப் போனேன். விற்பனையாளர் சிரித்தார், சிரிக்கட்டும். நாலு பேர் வீட்டுக்கு 25 முதல் 30 லிட்டர் போதும். உள்ளே மின்விசிறி, அதாவது கன்வெக்‌ஷன், இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

1500 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதனால் 6 ஆம்பியர் சாதா பிளக்கில் சொருகாதீர்கள். கிரைண்டர் ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். 16 ஆம்பியர் பாயின்ட்தான் சரி.

சமையல் குறிப்பில் 180 டிகிரி என்று இருந்தால், விசிறி ஓடும்போது 160 வையுங்கள். குறைக்காவிட்டால், காற்று சுழல்வதால் மேல்புறம் சீக்கிரம் சிவந்துவிடும், நடுவில் மாவு வேகாமல் நிற்கும். பத்து நிமிடம் முன்சூடு செய்வதை மறக்க வேண்டாம். டயல் காட்டும் சூட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். என் அடுப்பில் 20 டிகிரி வித்தியாசம். உள்ளே தொங்கவிடும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியபிறகுதான் என் பிஸ்கட் கருகுவது நின்றது.

அப்புறம், புது அடுப்பை முதல் தடவை காலியாகவே கால் மணி நேரம் ஓடவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து. லேசாகப் புகையும், நாறும், பயப்படாதீர்கள்.