குறைந்த சம்பளத்தில் கிரெடிட் கார்டு: எங்கே சறுக்குகிறோம்?

பெட்ரோல் பங்க் ஓரத்தில் மேசை போட்டு, "ஆதார், பான் இருந்தா போதும் சார், லைஃப் டைம் ஃப்ரீ" என்று கூப்பிடுவார்கள். மாதம் 15,000 ரூபாயில் குடும்பம் ஓட்டுகிறவருக்கும் கார்டு தேவைப்படலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில் ஒரு மாதம் சறுக்கினால் எழுந்திருக்க ஒரு வருஷம் ஆகும்.

முதல் சறுக்கல் விண்ணப்பத்திலேயே நடக்கிறது. "சம்பளம் 25,000னு போட்டுக்கலாம் அண்ணே" என்று ஏஜென்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்க்குக் கீழே இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. ஒரு வங்கி மறுத்ததும் அதே வாரத்தில் இன்னும் நான்கு வங்கிகளுக்கு விண்ணப்பிப்பதும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், ஏறிவிடும். பணத்துக்கு அலைகிறார் என்றுதான் அடுத்த வங்கி நினைக்கும். முதலில் உங்கள் அறிக்கையைப் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். கையில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, சம்பள ரசீது இல்லாதவர்களுக்கு, எஃப்டி (வங்கியில் போடும் நிரந்தர வைப்பு) மேல் தரும் கார்டுதான் நல்ல வழி என்பேன். போட்ட டெபாசிட்டை ஒட்டியே லிமிட் இருக்கும், டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். பாக்கி வைத்தால் அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், அதை மறக்கக் கூடாது.

சரி, கார்டு வந்துவிட்டது. பில்லில் இரண்டு தொகை இருக்கும்: மொத்த பாக்கி, மினிமம் டியூ (அந்த மாதம் குறைந்தது கட்டியே ஆக வேண்டிய தொகை). பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது தொகையில்தான். 20,000 ரூபாய் பாக்கி, மினிமம் 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் மூன்றரை வட்டி! 20,000க்கு மாத வட்டி 700, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. ஆக 826 ரூபாய் வட்டியிலும் வரியிலும் போய்விடுகிறது. நீங்கள் கட்டிய ஆயிரத்தில் அசல் குறைந்தது வெறும் 174 ரூபாய். லேட் ஃபீ விழாது, கெடு தவறியதாக சிபிலில் பதியாது, அதனால் எல்லாம் ஒழுங்காகப் போவதாகத் தோன்றும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

அதோடு முடிவதில்லை. முழுத் தொகையையும் கட்டாமல் விட்டால் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே போய்விடும். அடுத்து வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏற்கெனவே சிக்கியிருந்தால், முதலில் கார்டை உபயோகிப்பதை நிறுத்துங்கள். வீட்டில் ஒரு பவுன் இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை அடைப்பது மேல். வங்கி நகைக்கடன் வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த அன்றே வட்டி ஆரம்பம், தனிக் கட்டணமும் உண்டு. ரூபே கார்டை யுபிஐயில் இணைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டீக்கடை, காய்கறி என்று பத்தும் இருபதுமாகப் போவது மாதக் கடைசியில் பில்லாக வரும்போதுதான் கண்ணில் படும்.

சம்பளம் 7ஆம் தேதி, பில் கட்ட வேண்டிய நாள் 3ஆம் தேதி என்று இருந்தால் மாதாமாதம் கைமாற்றுதான். பில் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்குங்கள். ஒருநாள் தவறிவிட்டாலும் பதறி ஒதுங்கிவிடாமல் உடனே கட்டுங்கள். கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீ விதிக்கலாம், சிபிலுக்குச் சொல்லலாம். வட்டி மட்டும் காத்திருக்காது.

அப்புறம், வேண்டாத கார்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடாது. ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பாக்கியை முழுதாகக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடியாயிற்று என்று வரும் மெயிலையோ மெசேஜையோ அழிக்காமல் வைத்திருங்கள்.