தெனேர்: ஸ்பானிஷில் 'எனக்கு இருக்கு' என்று சொல்வது எப்படி?

"எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்கிறோம். தமிழில் தம்பிதான் எழுவாய். ஸ்பானிஷில் அதே வாக்கியத்துக்கு எழுவாய் 'நான்'. இதை மனதில் வைத்துக்கொண்டால் தெனேர் வினையில் பாதிப் பிழைகள் வராது.

படி 1: வடிவங்கள்

நான் – தெங்கோ
நீ – தியேனேஸ்
அவன், அவள், மரியாதை 'நீங்கள்' – தியேனே
நாம், நாங்கள் – தெனேமோஸ்
நீங்கள் பலர் (ஸ்பெயினில், நெருங்கியவர்களிடம்) – தெனேயிஸ்
அவர்கள் – தியேனென்

லத்தீன் அமெரிக்காவில் பலரைப் பார்த்துப் பேசவும் தியேனென்தான். தெனேயிஸை அப்புறம் படிக்கலாம்.

அழுத்தம் வேரில் விழும்போது 'எ' என்பது 'இயே' ஆகிறது. தெனேமோஸில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் மாற்றம் இல்லை. தெங்கோ இதற்கெல்லாம் அடங்காது, அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். நம் 'வந்தேன்' போல விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் 'யோ' (நான்) சேர்க்க வேண்டாம். உச்சரிப்பில் 'த'தான், 'டெங்கோ' இல்லை.

படி 2: வயது

தெங்கோ த்ரெயின்த்தா ஆஞ்ஞோஸ்: எனக்கு 30 வயது. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் 'சோய்' (ஆங்கில 'I am') போட்டுவிடுவார்கள்; தவறு. ஸ்பானிஷில் எழுதும்போது 'ஆஞ்ஞோஸ்' (años) சொல்லில் n எழுத்தின் மேல் வளைகோட்டை விட்டால் ஆண்டு ஆசனவாய் ஆகிவிடும், கவனம்.

படி 3: பசி, குளிர், தூக்கம்

தெங்கோ ஆம்ப்ரே (பசிக்கிறது), தெங்கோ செத் (தாகமாக இருக்கிறது), தெங்கோ ஃப்ரீயோ (குளிர்கிறது), தெங்கோ சுவேஞ்ஞோ (தூக்கம் வருகிறது). இவை பெயர்ச்சொற்கள். அதனால் 'ரொம்ப' என்பதற்கு 'முய்' வராது: முச்சா ஆம்ப்ரே, முச்சோ ஃப்ரீயோ. வெயில் தாங்கவில்லை என்றால் 'தெங்கோ கலோர்'. 'எஸ்தோய் காலியென்த்தே' என்றால் காம அர்த்தம் வந்துவிடும்.

படி 4: 'செய்யணும்'

தெங்கோ கே கோமெர்: நான் சாப்பிடணும். 'கே' விடுபடக் கூடாது. இரண்டாவது வினையைத் திரிக்கவும் கூடாது. 'தெங்கோ கே கோமோ' என்பது தொடக்கக்காரர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

படி 5: எந்த 'இருக்கு'?

தமிழின் 'இருக்கு' எல்லாவற்றுக்கும் தெனேர் பொருந்தாது. "என்னிடம் தண்ணீர் இருக்கு" என்றால் தெங்கோ ஆகுவா. "வீட்டில் தண்ணீர் இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் ஆய் ஆகுவா என் காசா. உடையவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைத்தால் தெனேர், இல்லாவிட்டால் 'ஆய்'. இல்லை என்று சொல்ல முன்னால் 'நோ' போதும்: நோ தெங்கோ தினேரோ, என்னிடம் பணம் இல்லை.