வயசான சவாரி மாட்டின் முதுகில் சதை பிடிக்க என்ன தீன் போடலாம்?

எங்கள் மயிலையன் ஒரு காலத்தில் மாட்டுவண்டிச் சவாரித் திடலில் ஓடிய மாடு. இப்போது 16 வயது. போன வருஷம் சிறுபோக வெட்டு முடிந்த நேரம், கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வளவுக்கு வந்தவர்கள் எல்லாம் "மாடு நல்லாத்தானே நிக்குது" என்றார்கள். வயிறு பெருத்துத்தான் இருந்தது. ஐயா மட்டும் திண்ணையில் இருந்தபடி சொன்னார்: "பிள்ளை, வயித்தைப் பாக்காதை. முதுகைத் தடவிப் பார்."

தடவினேன். திமிலுக்குப் பின்னால் இருந்து இடுப்பு வரைக்கும் முள்ளந்தண்டு கூரை முகடு மாதிரிக் கையில் தட்டுப்பட்டது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் நீட்டி நிற்கும் சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடியதாக இருந்தது. சதை இறங்கிவிட்டது. வைக்கல் செமிக்க நாளெடுக்கும், வயிற்றிலேயே தேங்கி நிற்கும். அதனால்தான் வயிறு தள்ளுகிறது. முதுகுச் சதை பிடிக்கப் புரதம் வேண்டும். வைக்கலில் அது 100 பங்கில் 4 பங்கு அளவுதான்.

தீன் வாங்க முன்னம் மாட்டின் வாயைப் பாருங்கள். மாட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான். அது தேய்ந்து கட்டையானால் வாய்க்கால் கரையில் நிற்கும் குட்டைப் புல்லை அரிந்து தின்ன முடியாது. கடவாய்ப்பல் தேய்ந்தால் இன்னும் கரைச்சல். மயிலையனின் தொட்டியடியைக் காலையில் கூட்டும்போது விரல் நீளத்துக்கு வைக்கல் உருண்டைகள் கிடந்தன; பாதி மென்று, எச்சில் காயாமல். சாணத்திலும் நீள நீளமாய் நார். இப்படிக் கண்டால், விலை கூடிய பிண்ணாக்கைத் தேடி ஓடுவதற்கு முதல், கொடுப்பதை அது மெல்லக்கூடியதாக மாற்றுங்கள். நான் வைக்கலை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, இரவே தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடிவைக்கிறேன். உருண்டைகள் குறைந்துவிட்டன.

யூரியா வைக்கலும் நல்லது. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி 21 நாள் விட வேண்டும். வைக்கல் மெதுமையாகும், புரதமும் கூடும். திறந்தவுடன் கொடுக்காமல் நெடி போக ஆறவிடுங்கள். கரைத்த வாளியை மாடு எட்டுகிற இடத்தில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. அதைக் குடித்த மாடு செத்துப்போகும். சின்னக் கன்றுகளுக்கு இந்த வைக்கல் வேண்டாம்.

சரி, சதைக்கு என்ன? என் தெரிவு எள்ளுப் பிண்ணாக்கு. தேங்காய்ப் பிண்ணாக்கை விட அதில் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடவே உழுத்தங்கோது. வவுனியாப் பக்கம் உழுந்து உடைக்கிற காலத்தில் மூட்டையாக எடுத்துவைப்பேன். மயிலையன் சுமார் 300 கிலோ இருப்பான். ஒரு நாளைக்கு அரைக் கிலோ எள்ளுப் பிண்ணாக்கு, அரைக் கிலோ கோது, ஒரு கிலோ அரிசித் தவிடு, ஒரு மேசைக்கரண்டி உப்பு. இதைக் காலையும் பின்னேரமுமாக இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறேன். பிண்ணாக்கு இரவே ஊற வேண்டும். தவிட்டை மணந்து பார்த்து வாங்குங்கள், அதில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு மணம் வரும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும், மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பச்சைக்கு வேலியே போதும். கிளிசரிடியாக் குழையை வெட்டி அரை நாள் வாடவிட்டால், மணத்துக்கு முகம் திருப்புகிற மாடும் தின்னும். இப்பிலிப்பில் மரக் குழையும் நல்ல தீன்தான், ஆனால் மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மயிர் கொட்டும். கோடையில் எல்லாரும் கிழித்துப் போடுகிற பனையோலை தேய்ந்த பல்லுக்குச் சரிவராது.

எதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், முழு அளவுக்கு வர இரண்டு கிழமையாவது எடுக்கட்டும். ஒருமுறை கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆசையில் ஒரு கடகம் நிறைய வைத்துவிட்டேன். விடியப் பார்த்தால் இரைமீட்கவில்லை, சாணம் புளித்த மணத்தோடு தண்ணீராகப் போனது, எழும்ப மாட்டாமல் கிடந்தான். மிருக வைத்தியர் வந்து இரண்டு நாள் பாடுபட்டுத்தான் காப்பாற்றினார். அன்று அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தீன் மட்டும் முதுகை ஏற்றாது, சதைக்கு வேலையும் வேண்டும். காலையில் வெயில் ஏற முன்னம் வாய்க்கால் கரையால் அரை மணித்தியாலம் நடத்துகிறேன். சில நாள் வெறும் வண்டிலையும் பூட்டுவேன். நுகத்தைக் கண்டதும் தானாகக் கழுத்தை நீட்டுவான்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிக் கயிறு பிடித்து முடிச்சுப் போடுங்கள். நிறை ஏறுவதை முடிச்சு காட்டும். முதுகுக்கு உங்கள் கைதான். மயிலையனுக்கு மூன்று மாதத்தில் முடிச்சு நாலு விரல் தள்ளிப்போனது, முகடும் மழுங்கியது. ஆறு கிழமை ஒழுங்காகக் கொடுத்தும் முடிச்சு அசையவில்லை என்றால் தீனைக் கூட்டாதீர்கள். குளக்கரையில் மேய்கிற மாட்டுக்கு ஈரல் தட்டைப்புழு இருக்கலாம். அன்று காலைச் சாணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.