கோழி தடியில் ஏறவில்லையா? முதலில் தடியைப் பாருங்கள்

கடந்த மாதம் ஒரு மாலை வெள்ளவத்தையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்முற்றத்தில் புதிதாகக் கட்டிய கோழிக்கூடு. கோழி அடையும் நேரம். ஆறு பேடுகளும் தரையில், ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. மேலே அவை இரவில் ஏறி உறங்குவதற்கென்று மாட்டியிருந்த தடி வெறுமையாக இருந்தது. அந்த வீட்டுத் தம்பி இரவு தோறும் அவற்றைத் தூக்கித் தடியில் வைக்கிறாராம். அவர் திரும்பி வந்து படியேறுவதற்குள் எல்லாம் தொப்புத் தொப்பென்று இறங்கிவிடுகின்றனவாம்.

"மந்தமான கோழிகள் அக்கா. விற்றுவிட்டு வேறு வாங்கப் போகிறேன்" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தெஹிவளையில் எங்கள் எட்டுப் பேர்ச் காணியின் மூலையில் முதற்கூட்டைக் கட்டியபோது நானும் இதையேதான் சொன்னேன். அப்போது அம்மா தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மம்மாவின் கோழிகளை முருங்கையில் யார் ஏற்றிவிட்டார்கள்?"

யாரும் ஏற்றிவிடவில்லை. வடமராட்சியில் அம்மம்மா வீட்டு ஊர்க்கோழிகள் இருட்டும் முன் வேலியில் தாவி, அங்கிருந்து முருங்கையின் தாழ்ந்த கொப்புக்கும் பிறகு மேற்கொப்புக்கும் போய்விடும். நம் நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழியும் காட்டில் மரக்கொப்பில்தான் இரவைக் கழிக்கிறது. உயரத்தில் உறங்குவது கோழியின் பிறவிக் குணம். அது தரையில் கிடக்கிறது என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. அந்த ஒன்றைத் தேடாமல் கோழியைப் பழிப்பவர்களை, 2022இல் முட்டை விலை ஏறியதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

தரையில் உறங்கினால் என்ன என்று கேட்கலாம். கொழும்பின் மழைக்காலத்தில் கூட்டுத் தரையில் போட்ட மரத்தூள் இரண்டே நாளில் ஈரமாகிவிடும். அந்த ஈரத்தில் எச்சம் ஊறி எழும் காரநெடியை இரவு முழுவதும் சுவாசிப்பது கோழியின் நெஞ்சுக்கு ஆகாது. இரத்தக் கழிச்சலுக்கும் குடற்புழுவுக்கும் வித்து அந்த ஈரத் தரையில்தான் இருக்கிறது. எலியும் பெருச்சாளியும் நடமாடுவதும் அங்கேதான்.

கதவைப் பூட்டுங்கள், கூரை ஒழுகாமல் பாருங்கள் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். கோழியைத் தடியில் ஏறவிடாமல் தடுக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முட்டைப்பெட்டியை மேலே வைப்பது

குனிந்து முட்டை எடுக்க வேண்டாம் என்று, கோழி முட்டையிடும் பெட்டியை இடுப்பளவு உயரத்தில் மாட்டுகிறார்கள். தடியை முழங்காலளவில் வைக்கிறார்கள். கூட்டுக்குள் எது உயரமோ அதைத்தான் கோழி தேடும். ஆகவே இரவு பெட்டிக்குள்ளேயே படுக்கும். படுத்த இடத்திலேயே எச்சமிடும். விடிந்ததும் அதன்மேலேயே முட்டையிடும். பெட்டியின் அடிப்பலகை தடியைவிட ஒரு சாணாவது தாழ்ந்திருக்கட்டும். ஏற்கெனவே பெட்டியில் படுக்கப் பழகிவிட்டவற்றுக்கு, மாலை 5 மணிக்குப் பெட்டியின் வாயை ஒரு மட்டையால் மறைத்து, விடியுமுன் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கோழிகள் காலையில்தான் முட்டையிடும் என்பதால் இதனால் முட்டைக்கு இடைஞ்சல் இல்லை. பத்து நாள் விடாமல் செய்தால் போதும்.

குழாய்

பிவிசி குழாய் வேண்டாம். வழுக்கும்.

தடியின் பருமன்

வெள்ளவத்தைத் தம்பியின் தடியை அன்றே கையால் தொட்டுப் பார்த்தேன். வீட்டில் மிஞ்சிய திரைச்சீலைக் கம்பு அது. ஓர் அங்குலப் பருமன், வார்னிஷ் பூசியது, இரண்டு பக்கமும் வளையத்தில் தொங்குகிறது. விரலால் தட்டினேன், உருண்டது. கோழி அதன்மேல் நிற்கும் ஒவ்வொரு முறையும் காலடியில் உருளும். எந்தக் கோழி அங்கே கண்ணை மூடும்?

கோழி காலை மடித்துக் குந்தியதும் காலின் பின்புறத் தசைநாண்கள் இழுபட்டு, விரல்கள் தாமாகவே தடியைப் பற்றிக்கொள்ளும். உறக்கத்தில் விழாமல் இருப்பது அதனால்தான். ஆனால் பற்றுவதற்குத் தடி இடம் கொடுக்க வேண்டும். இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டம், மேல்விளிம்புகளை அரத்தாளால் தேய்த்து மழுக்கியது, அசையாதது: இதுதான் அளவு. மரம் கிடைக்காவிட்டால் அதே பருமனில் ஒரு கொய்யாக் கொப்பு போதும். ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம் விடுங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் வால் இடிக்கும், திரும்பி உட்கார முடியாது.

ஷேவர் பிரவுன், ரோட் ஐலன்ட் ரெட் போன்ற கனத்த கோழிகளுக்கு இரண்டு அடி உயரமே தாராளம். நான்கடியிலிருந்து தினமும் சிமெந்துத் தரையில் குதித்தால் உள்ளங்கால் கன்றி, உள்ளே சீழ்கட்டி, நடுவில் கறுத்த பொருக்கோடு வீங்கும். அப்படிக் கால் நொந்த கோழி மறுபடி ஏறவே ஏறாது.

முன்பு ஏறிய கோழி இறங்கிவிட்டால், தூக்கித் தூக்கி மேலே வைப்பது

எல்லாத் தவறுகளிலும் இன்றுவரை எனக்குக் கோபம் வருவது இதை நினைத்தால்தான்.

நான் கோழி வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. எட்டு ரோட் ஐலன்ட் ரெட் பேடுகள் இருந்தன. ஓராண்டுக்கு மேலாக ஒழுங்காகத் தடியில் உறங்கியவை. மே மாதம் மழை தொடங்கியது. ஒரு மாலை அவை கூட்டு வாசல்வரை வந்து, தயங்கி நின்றன. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தன, பின்வாங்கின. அந்த வாரம் இரண்டு பேடுகள் முட்டைப்பெட்டியில் படுத்தன. அடுத்த வாரம் மூன்று தரையில் கிடந்தன. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பழக்கம் விட்டுப்போயிற்று. விடாமல் தூக்கி வையுங்கள், பழகிவிடும்."

மூன்று வாரம் தூக்கி வைத்தேன். தடியில் வைத்ததும் அவை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன. தலையை உதறின. குனிந்து தங்கள் கால்களைத் தாங்களே கொத்தின. மழைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். பகலில் பிடித்து இறகைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பேன்கூட இல்லை. எட்டுக் கோழிக்கு நாளொன்றுக்கு ஆறு முட்டையாக இருந்தது இரண்டாகக் குறைந்தது. செம்பருத்தி நிறத்தில் இருந்த கொண்டைகள் வெளிறின. ஒரு காலை, தடிக்கு நேர் கீழே ஒரு பேடு செத்துக் கிடந்தது. மற்றவை இறங்கி ஓடிவிடும். அது மட்டும் நான் வைத்த இடத்திலேயே இருக்கும். சொல் கேட்கும் பேடு என்று அதைப் பாராட்டியிருக்கிறேன்.

அதன் பிறகுதான் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் போனேன். அவர் கோழியைப் பற்றிக் கேட்கவில்லை, தடியைப் பற்றிக் கேட்டார். "இரவு பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் கடதாசியால் தடியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள்" என்றார்.

துடைத்தேன். குங்குமத்தை ஈரக் கையால் இழுவிவிட்டது போலக் கடதாசி முழுவதும் சிவப்புக் கோடுகள். என் கோழிகளின் இரத்தம் அது. தடியின் நுனி மரச்சட்டத்தில் பொருந்தும் இடுக்கில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து கொட்டினாற்போல் ஒரு படிவு. டார்ச் வெளிச்சத்தை அருகே கொண்டுபோனேன். அந்தத் தூள் நகர்ந்தது.

சிவப்புச் சிற்றுண்ணி. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. பகலில் கோழியின் உடம்பில் தங்காது. தடியின் வெடிப்பிலும் மூட்டிலும் ஒளிந்திருந்து, இருட்டியதும் கோழியின் கால்வழியே ஏறி இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பகலில் நான் தேடியும் ஒன்றும் அகப்படாததற்குக் காரணம் இதுதான். கொழும்பின் வெப்பமும் ஈரமும் இதற்கு மிகவும் தோது. முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக ஒரு வாரமே போதும். இரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கூட்டைச் சில வாரம் காலியாக விட்டால் தொலைந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

என் பேடுகள் தடியை மறந்துபோகவில்லை. கடியிலிருந்து தப்புவதற்காக இறங்கின. நான்தான் அவற்றை ஒவ்வோர் இரவும் பிடித்து, கடிக்கிற இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். "விடாமல் தூக்கி வையுங்கள்" என்று யாராவது புதியவர்களுக்குச் சொல்வதைக் கேட்டால் இன்றும் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கோழி முன்பு ஏறியதா? ஒருநாளும் ஏறாத கோழிக்குப் பழக்கம் வேண்டும். ஏறி இறங்கிய கோழிக்குப் பழக்கம் வேண்டியதில்லை; கையில் டார்ச்சும் கடதாசியும் எடுத்துக்கொண்டு நீங்கள்தான் இரவில் போய்ப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டால் செய்ய வேண்டியவை. தடியைக் கழற்றி வெளியே எடுத்து, கொதிக்கும் நீரை மூட்டுகளிலும் வெடிப்புகளிலும் ஊற்றித் தேய்க்க வேண்டும். பழைய மரத்தூளை அள்ளி எரித்துவிட வேண்டும். வெந்நீருக்குத் தப்பிய முட்டைகள் சில நாளில் பொரிக்கும் என்பதால் ஐந்து நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். காய்ந்த பிறகு தடியின் நுனிகளுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறேன். கோழிகள் புரள்வதற்கு அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு பழைய தாச்சியில் வைத்திருக்கிறேன். கொண்டை வெளிறிய கோழியை வைத்தியரிடம் காட்டுங்கள். கரப்பானுக்கு அடிக்கும் மருந்தைக் கோழிமேலோ கூட்டுக்குள்ளோ தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்த முட்டையை உங்கள் பிள்ளைகள்தான் சாப்பிடப் போகிறார்கள்.

அன்றிலிருந்து என் கூட்டில் எந்தத் தடியையும் ஆணி அடித்து வைப்பதில்லை. இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய சட்டத்தில் அசையாமல் பொருந்தும். ஒரு கையால் தூக்கி எடுக்கலாம். மாதத்தின் முதற் சனிக்கிழமை இரவு கடதாசியால் ஒருமுறை துடைத்துப் பார்க்கிறேன். கூரையில் மைனாவோ புறாவோ கூடு கட்டினால் மாதத்தில் இரண்டு முறை, ஏனென்றால் காட்டுப் பறவைகளும் இந்த உண்ணியைக் கொண்டுவரும்.

விளக்கைப் போட்டுவிட்டுத் திடீரென்று அணைப்பது

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மங்கும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது இடம் தேடி ஏறுகிறது. கொழும்பில் நவம்பரில் சூரியன் 6 மணிக்கு முன்பே மறைந்துவிடும், ஜூலையில் ஆறரையாகும். அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு வந்து மின்குமிழைப் போட்டு, தீனி வைத்து, சட்டென்று அணைத்துவிட்டுப் போனால் அவை நின்ற இடத்திலேயே படுத்துவிடும். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: உயர்ந்த மதிலோரம் கட்டிய கூட்டுக்குள் வெளியே இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே இருட்டிவிடும். தடியின் பக்கமாக மதிலுக்கு மேல் வானம் தெரியும்படி ஒரு கம்பிவலைச் சாளரம் வைத்தேன். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது.

கூண்டில் வளர்ந்த பேடு

பண்ணைகள் கழித்துவிடும் பேடுகளை மலிவாக வாங்குகிறவர்கள் பொறுமையாக இருங்கள். அவை வாழ்நாளில் தடியைக் கண்டிருக்காது. எலும்பும் தேய்ந்திருக்கும், தவறி விழுந்தால் மார்பெலும்பு முறியும். முதல் மாதம் தடியை அரையடி உயரத்தில் வைத்து, மெல்ல மெல்ல உயர்த்துங்கள். இவற்றைத்தான் தூக்கி வைக்க வேண்டும்: நன்றாக இருட்டிய பிறகு, விளக்கில்லாமல், இரண்டு கையாலும் இறக்கையை அணைத்துத் தூக்கி, உள்ளங்கால் தடியில் பட்டு விரல்கள் பற்றும்வரை பிடித்திருந்து, பிறகு கையை எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஏறத் தெரிந்த ஒரு பேட்டை அருகில் இருத்தினால் இன்னும் சுலபம். ஒரு மாதக் குஞ்சுகளாக வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. வந்த நாளிலேயே தாழ்வாக ஒரு தடி போட்டுவிட்டால் விளையாட்டாகவே ஏறிப் பழகிவிடும்.

இரண்டு உயரத்தில் இரண்டு தடி

மேல்தடிக்குச் சண்டை வரும். ஒரே உயரத்தில் வையுங்கள்.

கம்பிவலையை ஒட்டித் தடி

மரநாய் வெளியிலிருந்தே கையை நுழைத்துவிடும்.

வெள்ளவத்தையில் திரைச்சீலைக் கம்பை அன்றே கழற்றிவிட்டு, இரண்டு அங்குலச் சட்டம் ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தோம். நேற்றுத் தம்பி தொலைபேசியில் பேசினார். ஐந்து பேடுகள் தாமாகவே ஏறிவிட்டனவாம். ஆறாவது மட்டும் ஏறப் பார்த்துவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொள்கிறதாம். நாளை மாலை போய் அதன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.