காத்தோ பிமாங் முதல் ஏழு கறி இலை வரை: குறுக்குத் தையல் தொடங்குபவர்களுக்கு

கட்டத் துணியில் கட்டத்துக்கு ஒரு × போட்டுப் படம் நிரப்பும் குறுக்குத் தையல் என்றதும் ரோஜாக் கூடையும் பூனைக்குட்டியும் அச்சடித்த பெரிய பெட்டிதான் பலருக்கு நினைவு வரும். ஆறு மாதம் தைத்தும் முடியாமல் அலமாரிக்குள் போய்விடும் சாமான் அது. இப்போதைய பாணி வேறு. துணியை இறுக்கிப் பிடிக்கும் சின்ன வளையம், நாலைந்து நிறம், சுற்றிலும் வெற்றுத் துணி, நடுவில் பார்த்ததும் சிரிப்பு வரவழைக்கும் ஒரு படம் அல்லது இரண்டு சொல். மொரீஷியஸில் அதற்குப் பஞ்சமே இல்லை. வாழையிலையில் கல்யாண விருந்தின் ஏழு கறி, அலூடா என்ற குளிர்ந்த பால் பானத்தின் கிளாஸ், கொழுத்த டோடோ பறவை, காத்தோ பிமாங் என்கிற ஒற்றை மிளகாய்ப் பருப்பு வடை எல்லாமே கட்டத் துணியில் அழகாக உட்காரும்.

வாங்க வேண்டியவை

மெர்சரியில், அதாவது தையல் சாமான் கடையில், 'புவான் த க்ருவா' என்று குறுக்குத் தையலின் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். துணிக்குப் பெயர் ஆயிதா. அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்பதுதான் அதன் எண். முதல் தடவை 14 எண் துணி போதும். 18 எண்ணில் கட்டங்கள் பொடிப்பொடியாக இருக்கும். பழகாத கண் சீக்கிரம் களைத்துவிடும். குழந்தைகளுக்கு 11 எண் நல்லது.

நூலில் ஒரு லச்சி (சிறு நூல்கட்டு) 8 மீட்டர் நீளம், ஆறு இழை. 14 எண் துணிக்கு இரண்டு இழை, 11க்கு மூன்று. இரண்டு இழையில் தைத்தால் ஒரு லச்சிக்குச் சுமார் 1,500 தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள், பற்றாக்குறை வராது. டி.எம்.சி. நிறுவன நூலாக இருந்தால் எண்ணைச் சொல்லியே வாங்கலாம்: 310 கறுப்பு, 321 சிவப்பு, 702 பச்சை, 743 மஞ்சள், 433 பழுப்பு. எண் எழுதிய காகிதப் பட்டையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பாதியில் நூல் தீர்ந்தால் அதே நிறத்தைக் கண்டுபிடிக்க அந்த எண்தான் துணை.

ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். 14 எண் துணிக்கு 24ஆம் எண் ஊசி. கூர் ஊசி துளையை விட்டுவிட்டு நூலைக் குத்திப் பிளக்கும். இவற்றோடு 6 அங்குல மர வளையம் ஒன்றும் சின்னக் கத்தரிக்கோலும் வாங்கிவிட்டால் தொடங்கலாம்.

துணி அளவுக்குக் கணக்கு எளிது. படத்தின் கட்டங்களை 14ஆல் வகுத்தால் அங்குலம் கிடைக்கும். 56 கட்டம் என்றால் 4 அங்குலம். அதோடு ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் விட்டு வெட்டுங்கள். இந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் கடைசியில் வளையத்தில் மாட்டத் துணி இருக்காது.

முதல் பலகாரம்

61 தையலில் ஒரு காத்தோ பிமாங். வரிசைக்கு வரிசை கட்டங்கள் 3, 7, 7, 9, 9, 9, 7, 7, 3. எல்லா வரிசையும் நடுவில் பொருந்தி நிற்க வேண்டும். பழுப்பு நூலில் தைத்துக்கொண்டே, உள்ளே நான்கு கட்டம் பச்சை, மூன்று கட்டம் சிவப்பு என்று இஷ்டம்போல் சிதறவிடுங்கள். வெங்காயத் தாளும் மிளகாயும் அவைதான். முடிந்தால் 1.6 செ.மீ. அகலம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

துணியை நாலாக மடித்து நடுவைக் குறித்து, அங்கிருந்தே தொடங்குங்கள். மூலையில் தொடங்குகிறவர்கள்தான் மறுகோடியில் துணி போதாமல் தவிக்கிறார்கள்.

தொடக்கத்தில் முடிச்சு வேண்டாம். சட்டத்தில் மாட்டும்போது அது முன்பக்கம் மேடாகத் துருத்தும். பதிலாக, ஒரே ஒரு இழையை இரண்டு முழம் வெட்டி நடுவில் மடியுங்கள். இரண்டு முனைகளையும் சேர்த்து ஊசியில் கோத்தால் மறுபக்கம் கண்ணி நிற்கும். கட்டத்தின் கீழ் இடது துளையில் அடியிலிருந்து மேலே வந்து, மேல் வலது துளையில் இறங்கி, அடிப்பக்கம் தொங்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு மெல்ல இழுத்தால் நூல் பிடித்துக்கொள்ளும். ஊசியில் இப்போது இருப்பது ஒரு முழம் இரட்டை இழை. அதைவிட நீளமாக வைத்தால் துணியில் உரசி உரசி நூல் பஞ்சு கிளம்பிவிடும்.

ஒரே நிறம் தொடர்ந்து வந்தால், வரிசை முழுக்க அரைத் தையலைச் சாய்வாகப் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மறுசாய்வைப் போட்டு முடியுங்கள். மேலே தெரியும் சாய்வு படம் முழுக்க ஒரே திசையில் இருக்க வேண்டும். இதைத்தான் நாங்கள் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்வோம். பத்துத் தையல் மாறிப்போனாலும் வெளிச்சம் படும்போது அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும்.

நூலை இழுக்கும் கை மெதுவாக இருக்கட்டும். துளை விரிந்து தெரிந்தால் இறுக்கம் அதிகம். நூல் முறுக்கேறினால் துணியைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிடுங்கள். தானே சுற்றி அவிழும். முடிக்கும்போது பின்பக்கம் நான்கைந்து தையலுக்கு அடியில் ஊசியைச் செருகி இழுத்து, மீதியை வெட்டுங்கள்.

எழுத்துகள்

தமிழ் எழுத்தைத் தைக்கக் கடையில் வரைபடம் கிடைப்பது அரிது. கட்டக் காகிதத்தில் நாமே வரைய வேண்டும். எழுத்தின் உடலுக்கு 7 கட்டம், மேலே புள்ளிக்கும் கொக்கிக்கும் 4, கீழே 3 என்று மொத்தம் 14 கட்ட உயரம் வைத்தால் ஒரு வரி ஓர் அங்குலம் வரும். ப, ட இரண்டும் நேர்கோடுகள்தான். அவற்றில் கை பழக்குங்கள். ண, ஜ, ஐ போன்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். காலும் ர-வும் ஒன்றுபோல் ஆகிவிடும். ர-வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே இரண்டு கட்டமாவது சாய்ந்து இறங்கட்டும். இ-கரக் கொக்கியும் ஈ-காரச் சுழியும் வேறுபட மேலே அந்த 4 கட்டமும் தேவை. புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வெற்று வரிசை விடாவிட்டால் அது எழுத்தோடு ஒட்டி, மெய் உயிர்மெய்யாகிவிடும். வளைவுகள் படிக்கட்டாகத் தெரிவது பிடிக்காதவர்கள் இரண்டு இழையில் பின்தையல் (இடைவெளி விடாமல் கோடுபோல் தொடரும் தையல்) போடலாம்.

கிரியோல் பேச்சையே தமிழ் எழுத்தில் தைத்துப் பாருங்கள். 'மோ கொந்தான் த்வா' (நான் உன்னை நேசிக்கிறேன்) என்பது மூன்று சொல், மூன்று வரி. நடுச்சொல் நீளமாக இருப்பதால் வட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கும். தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு இதைவிடப் பிரியமான பரிசு எது?

ஏழு கறி இலை

கல்யாணப் பரிசுக்கு இது. அகலம் 56 கட்டம், உயரம் 32. நுனி இடப்பக்கம் குறுக வேண்டும். மாற்றித் தைத்தால் பெரியவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். இலையின் மேல்விளிம்போரம் 6-க்கு 6 கட்டத்தில், மூலை நான்கையும் விட்டு, ஏழு கறி. பூசணி, கத்தரி, ரசம் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம். நடுவில் வெள்ளைச் சோறு. மொத்தம் சுமார் 1,400 தையல். பச்சை ஒரு லச்சி போதும். மற்றவை வீட்டில் மிஞ்சிய துண்டு நூலே காணும். மணிக்கு நூறு தையல் என்றால் 14 மணி நேரம் ஆகும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

இந்த அளவுக்குப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தப்பாது. நீரில் கரையும் பேனா என்றால் துவைத்த பிறகுதான் இஸ்திரி. முன்பே சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனா வேண்டவே வேண்டாம். கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பத் தெரியலாம், பரிசு உறைபனி ஊருக்குப் போகிறது என்றால் சங்கடம். வெளிர்நிறச் சாதாரண நூலில் ஓடு தையல் போட்டு, கடைசியில் உருவிவிடுவதே நிச்சயமான வழி.

ஒரு கட்டம் தப்பினால் அன்றே பிரியுங்கள். அந்தத் தப்பைச் சுற்றி மற்ற கறிகளையும் நகர்த்திச் சமாளிக்கலாம் என்று தோன்றும். முடிவில் ஏழாவது கறிக்கு இலையில் இடம் இருக்காது. கறுப்பு, சிவப்பு நூலை வெற்றுத் துணிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், முன்னால் நிழலாகத் தெரியும்.

நம் ஊர் ஈரத்தையும் மறக்கக் கூடாது. மழை மிகுந்த மேட்டு நில ஊர்களான கூர்ப்பீப், வாக்வா பக்கம் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தால் துருப்பிடித்துக் கறை விழும், அது போகாது. வளையத்தையும் ஒவ்வொரு நாளும் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால் வட்டமாக அழுக்குத் தடம் பதியும்.

தைத்து முடித்ததும் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசுங்கள். சிவப்பு சாயம் விட்டால் காயவிடாமல், தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, ஈரம் இருக்கும்போதே தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி செய்யுங்கள்.

பிறகு வளையமே சட்டம். துணியை நேராக மாட்டி, திருகை இறுக்கி, சுற்றிலும் 2.5 செ.மீ. விட்டு வட்டமாக வெட்டுங்கள். விளிம்பில் வலுவான நூலால் ஓடு தையல் போட்டுச் சுருக்குப் பையைப்போல் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். பசை தடவாதீர்கள், நாளாக ஆகப் பழுப்பேறும். வளையத்தின் அளவுக்கு வெட்டிய ஃபெல்ட் துணியில் தம்பதியின் பெயரையும் ஆண்டையும் முதலிலேயே தைத்துவிட்டு, அதைப் பின்பக்கம் வைத்து விளிம்பைச் சுற்றித் தைத்து மூடுங்கள்.