வாளியில் அழுகிய தக்காளி நாற்று, யோகட் கப்பில் பிழைத்தது

நுவரெலியாவில் எங்கள் லயன் வீட்டு (தோட்டத்து வரிசை வீடு) ஜன்னலோரம் தக்காளி விதை போட்டேன். வேர் தாராளமாக ஓடட்டும் என்று முதலிலேயே 10 லீட்டர் பெயின்ட் வாளியில் மண் நிரப்பி ஊன்றினேன். முளைத்த இரண்டு வாரத்துக்குள் தண்டின் அடி நூலாக மெலிந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மனசு விட்டுப்போச்சு.

காரணம் ஈரம். விரல் நீளம்கூட இல்லாத வேர் அவ்வளவு மண்ணின் தண்ணீரை உறிஞ்சாது. 1,800 மீட்டருக்கு மேல், இந்த மூடுபனியில் மண் தானாகவும் காயாது. மேலே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே சொதசொதவென்று கிடக்கும். நாற்றின் அடி அழுகிச் சாயும் நாற்றழுகல் நோய்க்கு அது போதும்.

அடுத்த முறை 80 மில்லிலீட்டர் யோகட் கப் எடுத்து, சூடான கம்பியால் அடியில் நாலு ஓட்டை போட்டேன். கப்பைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருந்தால் மட்டுமே தண்ணீர். முளைத்ததும் முதலில் விரியும் விதையிலைக்குப் பிறகு இரண்டு சோடி இலை வந்து, ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்ததும் 1 லீட்டர் பைக்கு மாற்றினேன், விதையிலைக்குக் கீழ் வரை தண்டைப் புதைத்து. புதைந்த தண்டிலும் தக்காளி வேர்விடும். கறிமிளகாயை நான் அப்படி ஆழமாக வைப்பதில்லை.

ஒரு கப்பை மட்டும் மூன்று வாரம் பிந்தவிட்டேன். வேர் வட்டமாகச் சுருண்டு, கீழிலை மஞ்சளாகிவிட்டது. “பிள்ளைக்குச் சட்டை சின்னதாயிருச்சு, பாரு” என்றார் பெரியம்மா. அன்றே மாற்றினேன், தேறிவிட்டது.

பையிலிருந்து பிறகு மாற்றி, அந்தப் பெயின்ட் வாளியில் இப்போது நிற்கும் செடி முழங்கால் உயரம், பூ வைத்திருக்கிறது.